விந்தில் கிருமி என்று அறிக்கை வந்தால் குழந்தை பிறக்காதா?

திருமணமாகி இரண்டே கால் ஆண்டு ஆன ஒரு வாசகர், நெருக்கி எழுதிய நீண்ட கடிதத்தோடு நான்கு விந்துப் பரிசோதனை அறிக்கைகளின் நகலையும் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 33, மனைவிக்கு 28. திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பிரிவில் வேலை. வாரம் விட்டு வாரம் இரவு ஷிஃப்ட். கடன் அடையட்டும் என்று முதல் எட்டு மாதம் குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். அடுத்த ஒன்பது மாதம் முயன்றும் கரு தங்கவில்லை. பத்து மாதங்களுக்கு முன் அவருக்குக் குளிர்காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் வந்தன. சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஈ.கோலை கிருமி. மாத்திரையில் காய்ச்சல் விட்டது. ஐந்து வாரம் கழித்து விந்துப் பரிசோதனை செய்தபோது அதிலும் ஈ.கோலை, கூடவே சீழ் அணுக்கள். 14 நாள் ஆஃப்லாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை: இப்போது என்டரோகாக்கஸ் என்ற வேறு கிருமி. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கொடுத்தார்கள். அடுத்த முறை ஸ்டாஃபிலோகாக்கஸ். அதற்கு ஏழு நாள் அமிகாசின் ஊசி. நான்காவது அறிக்கையில் ‘கலப்பு வளர்ச்சி’ என்று வர, 21 நாள் லீவோஃப்லாக்சசின். அது போன மாதம்தான் முடிந்தது. “கிருமி போகும்வரை மனைவியோடு சேர வேண்டாம், அவளுக்கும் ஒட்டும், கரு உருவானாலும் கலைந்துவிடும்” என்று பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் சொன்னதால், பத்து மாதமாக விலகியே இருக்கிறார். எப்போதாவது சேர்ந்தாலும் ஆணுறையோடு.

“மறுபடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நேராக இக்ஸி சிகிச்சைக்கு வாருங்கள்” என்கிறது குழந்தையின்மைச் சிகிச்சை மையம். ஒற்றை விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் சோதனைக்குழாய் முறைதான் இக்ஸி. மருமகளின் வெள்ளைப்படுதல்தான் காரணம் என்கிறார் அம்மா. யாரிடமும் சொல்லாத ஒன்றும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. 22 வயதில் ஒரு முறை தவறான இடத்துக்குப் போனதும், சில நாளில் குறியில் சீழ் வடிந்ததும், மருந்துக் கடையில் ஓர் ஊசியும் மூன்று நாள் மாத்திரையும் வாங்கிக்கொண்டு அதை மறந்ததும். “அன்று செய்தது இன்று என் விந்தைக் கெடுத்துவிட்டதா? நான் நிரந்தரமாகக் குழந்தை பெற முடியாதவனா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அறிக்கைகளைப் பார்ப்பதற்கு முன் மாதங்களைக் கூட்டிப் பார்த்தேன். திருமணமாகி 27 மாதம். அதில் எட்டு மாதம் வேண்டுமென்றே தள்ளிப்போட்டது. கடைசிப் பத்து மாதம் விலகியிருந்தது. மிச்சம் ஒன்பது மாதம்தான் நீங்கள் உண்மையில் முயன்றது. ஓராண்டு காலம் தடையின்றிச் சேர்ந்திருந்தும் கரு தங்காதபோதுதான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்று சொல்கிறது. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம். உங்கள் இருவருக்கும் அந்த எல்லை இன்னும் வரவே இல்லை. இரண்டே கால் ஆண்டாகக் குழந்தை இல்லை என்று உறவினர் சொல்லலாம். நீங்களும் அப்படியே நம்பிக்கொண்டிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

நான்கு அறிக்கைகள் சொல்வது

‘கவுன்ட் குறைவு’ என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நான்காவது அறிக்கையில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 கோடியே 10 லட்சம் விந்தணுக்கள், அளவு 2.8 மில்லி. மொத்தம் 5 கோடியே 88 லட்சம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின் கீழ் எல்லை, மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்தம் 3 கோடியே 90 லட்சம். எண்ணிக்கையில் உங்களுக்குக் குறை இல்லை. முன்னோக்கி நீந்தும் அணுக்கள் மட்டும் 22 சதவீதம், எல்லை 30. அங்கேதான் குறை. அந்த எல்லையும் ‘இதற்குக் கீழே குழந்தை பிறக்காது’ என்று போட்ட கோடு இல்லை. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் விந்தை அளந்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்களோ அங்கே கோடு கிழித்தார்கள். அந்த ஐந்து சதவீதத்தினரும் அப்பா ஆனவர்கள்தான்.

முதல் அறிக்கையில் 2 கோடியே 40 லட்சம் இருந்தது, இப்போது 2 கோடியே 10 லட்சமாக இறங்கிவிட்டது என்று பதறியிருக்கிறீர்கள். ஒரே ஆளின் விந்து வாரத்துக்கு வாரம் இதைவிட அதிகமாக ஏறி இறங்கும். முதல் அறிக்கையில் 14 சதவீதமாக இருந்த அசைவு இப்போது 22 ஆகியிருப்பதை நீங்களும் கவனிக்கவில்லை, மையமும் சொல்லவில்லை.

பரிசோதனை செய்த தேதிகள் இன்னும் முக்கியம். ஒரு விந்தணு விரையில் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதன்பின் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயில் முதிர்ந்து வெளிவர மேலும் சுமார் இரண்டு வாரம். ஆக மொத்தம் மூன்று மாதக் கணக்கு. கடும் காய்ச்சல் வந்தால், எந்தக் காய்ச்சலானாலும், அதன் பாதிப்பு அடுத்த இரண்டு மூன்று மாத விந்தில் தெரியும். உங்கள் முதல் பரிசோதனை காய்ச்சலுக்கு ஐந்தாவது வாரம். பிறகு ஒவ்வொன்றும் மருந்து முடிந்த இரண்டே வாரத்தில். உடல் தேறிய நிலையில் உருவான விந்தணுவை இதுவரை யாரும் அளக்கவே இல்லை.

கல்ச்சருக்கு வருவோம். விரையிலும், விந்துத் திரவம் சுரக்கும் புராஸ்டேட் சுரப்பியிலும் எது எப்படி இருந்தாலும், விந்து வெளியே வருவது சிறுநீர்த்தாரை வழியாகத்தான். அந்த வழியின் முனையிலும் தோலிலும் கையிலும் கிருமிகள் எப்போதும் குடியிருக்கின்றன. ஸ்டாஃபிலோகாக்கஸில் உங்கள் அறிக்கை குறிப்பிடும் ‘கோயாகுலேஸ் நெகட்டிவ்’ வகை தோலில் வாழ்வது. ‘கலப்பு வளர்ச்சி’ என்றால் பெரும்பாலும் மாதிரி சுத்தமாக எடுக்கப்படவில்லை என்றே பொருள். என்டரோகாக்கஸ் சில சமயம் உண்மையான தொற்றை உண்டாக்கும். ஆனால் எரிச்சல், வலி, காய்ச்சல் எதுவும் இல்லாதவரிடம், ஒரே ஒரு கல்ச்சரில் அது தலைகாட்டினால் நான் மருந்து எழுத மாட்டேன். உண்மையான தொற்று என்றால் அதே கிருமி திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் பெயர் மாறியிருக்கிறது.

சீழ் அணுக்கள் என்று எழுதியிருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரிவதெல்லாம் வெள்ளையணு ஆகிவிடாது. முதிராத விந்தணுக்களும் அப்படியே உருண்டையாகத்தான் இருக்கும். பெராக்சிடேஸ் என்ற சாயமேற்றிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். மில்லிக்கு பத்து லட்சத்துக்கு மேல் வெள்ளையணு இருந்தால்தான் கணக்கில் எடுத்துக்கொள்வோம். ‘ஒரு பார்வைப் புலத்துக்கு 6-8’ என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். அதை வைத்து ஊசி போடுவதும் நம் ஊர் வழக்கம்தான்!

உண்மையான தொற்று என்ன செய்யும்?

கிருமி ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து மாதத்துக்கு முன் உங்களுக்கு வந்தது அசல் தொற்று. காய்ச்சல், எரிச்சல், சிறுநீரிலும் விந்திலும் ஒரே ஈ.கோலை, புராஸ்டேட் சுரப்பி வரை ஏறியிருக்கிறது. அதற்குக் கொடுத்த ஆஃப்லாக்சசின் சரியான மருந்து. புராஸ்டேட்டுக்குள் நன்றாகப் போய்ச் சேரக்கூடியது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படிப்பட்டவை இல்லை.

ஈ.கோலை விந்தணுவின் மேல் நேரடியாக ஒட்டிக்கொண்டு, பல அணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிப்போடும். நீந்தும் வேகம் விழும். தொற்றை எதிர்க்க வரும் வெள்ளையணுக்கள் கக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் விந்தணுவின் சவ்வையும் அதற்குள் இருக்கும் டி.என்.ஏ.வையும் பதம் பார்க்கும். இவை பெரும்பாலும் தொற்று ஆறியபின் புதிய விந்தணு உருவாகும்போது சரியாகிவிடும். நிலைத்த சேதம் வேறு வகை. கிளமிடியா, வெட்டை நோய் (கொனோரியா) ஆகிய பால்வினைத் தொற்றுகள், காசநோய் போன்றவை எபிடிடிமிஸ் குழாயில் தழும்பு உண்டாக்கி வழியை அடைத்துவிடும். தொற்று விரைக்கே பரவினால் விரை சுருங்கவும் கூடும். இரு பக்கக் குழாயும் முழுவதும் அடைபட்டால் விந்தில் அணு ஒன்றுகூட வராது. விந்து வெளியேறும் நாளங்கள் புராஸ்டேட்டுக்குள் அடைபட்டால் விந்தின் அளவே குறைந்துபோகும். அதில் ஃப்ரக்டோஸ் சர்க்கரை இருக்காது. உங்களுக்கு 2.8 மில்லி அளவும் கிட்டத்தட்ட ஆறு கோடி அணுக்களும் இருக்கின்றன. வழி திறந்திருக்கிறது. ஆகவே ‘நிரந்தரமாக முடியாதவனா’ என்ற கேள்விக்கு உங்கள் அறிக்கையே ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிட்டது.

ஏழு வயதில் உங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததையும் எழுதியிருந்தீர்கள். அது வைரஸ். பருவம் எய்திய பிறகு வந்தால்தான் விரையைத் தாக்கும் ஆபத்து பெரிது. ஏழு வயதில் வந்ததை விட்டுவிடுங்கள்.

மனைவியும் அந்தப் பழைய சம்பவமும்

அம்மா சொல்வதை முதலில் ஒதுக்கி வைப்போம். ஈ.கோலை நம் ஒவ்வொருவர் குடலிலும் இருப்பது. உங்கள் குடலிலிருந்தே உங்கள் சிறுநீர்ப் பாதைக்கு வந்திருக்கும். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் வெள்ளைப்படுவது கருமுட்டை வெளியாவதன் இயல்பான அடையாளம். அரிப்பு, நாற்றம், நிறமாற்றம் இருந்தால் மட்டும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டினால் போதும். இதை அம்மாவிடம் மகனான நீங்கள் சொல்வதுதான் முறை. மருமகள் தன் வாயால் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்கு விடாதீர்கள்.

22 வயதில் சீழ் வடிந்தது வெட்டை நோயாக இருக்கலாம். அந்த ஊசி அதைக் குணப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் வெட்டை நோயோடு கிளமிடியாவும் சேர்ந்து வருவது சகஜம். வெட்டைக்குப் போடும் ஊசி கிளமிடியாவைக் கொல்லாது. அறிகுறியே இல்லாமல் அது தங்கியிருக்கும். சாதாரணக் கல்ச்சரில் வளராது. எனவே நீங்கள் செய்த நான்கு கல்ச்சரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீங்கள் இப்போது முடித்த 21 நாள் லீவோஃப்லாக்சசின் உங்கள் உடலில் அது இருந்திருந்தாலும் அநேகமாக முடித்திருக்கும். மனைவிக்குப் போயிருந்தால் அங்கே அப்படியே இருக்கும். குழந்தைப்பேற்றைப் பொறுத்தவரை கிளமிடியா அதிகம் கெடுப்பது பெண்ணின் கருக்குழாயைத்தான். இவ்வளவு பரிசோதனையும் உங்களுக்கே நடந்திருக்கிறது; மனைவிக்கு ஒரு ஸ்கேனோடு சரி. அவருடைய கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை.

சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைக்காக மருத்துவரை நாடும் தம்பதி இருவருக்கும் பால்வினைத் தொற்றுப் பரிசோதனை செய்வது வழக்கமான நடைமுறை. எச்.ஐ.வி., மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல்., மஞ்சள் காமாலை பி வகை, கிளமிடியா, வெட்டை நோய் இவற்றுக்கு இருவரும் சேர்ந்தே கொடுங்கள். கடைசி இரண்டுக்கும், சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது வரும் முதல் பகுதியில் பி.சி.ஆர். பரிசோதனை செய்வார்கள், பெண்ணுக்கு யோனிச் சுவாபில் இன்னும் துல்லியம். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் கேட்டாலும் வழிகாட்டுவார்கள். எல்லாம் இல்லை என்று வந்தால், மணத்துக்கு முந்தைய அந்த நாளைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நான் வற்புறுத்த மாட்டேன். ஒன்று இருக்கிறது என்று வந்தால் உங்களுக்கு விருப்பம் என்ற பேச்சே கிடையாது. அவருக்கும் சிகிச்சை வேண்டும். எதற்கு மருந்து சாப்பிடுகிறோம் என்று அறிய அவருக்கு உரிமை உண்டு. சத்து மாத்திரை என்று சொல்லி ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கும் கணவர்கள் இருக்கிறார்கள். அது அவருக்குச் செய்யும் துரோகம். ஒவ்வாமை வந்தால் ஆபத்தும்கூட. சொல்லத் தயக்கமாக இருந்தால் மருத்துவரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் அம்மாவிடமோ உறவினரிடமோ மருத்துவர் எதையும் பேசக் கூடாது.

மற்றபடி, விலகியிருப்பதை இன்றோடு விடுங்கள். கிளமிடியாவோ வெட்டை நோயோ உறுதியானால், இருவருக்கும் சிகிச்சை முடிந்து ஏழு நாள் வரை காத்திருக்க வேண்டும். முடிவு வரும்வரை அந்தச் சில நாள் ஆணுறை போதும். தோல் கிருமிக்காகப் பத்து மாதம் விலகியிருந்தது வீண். நாள்கணக்கில் தேங்கிய விந்தில் அசைவும் குறையும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சேர்ந்திருந்தால், கருமுட்டை வெளிவரும் நாளை விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

இனி மருந்தும் பரிசோதனையும்

இன்னொரு ஊசிக் கோர்ஸ் வேண்டாம். அமிகாசின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து. விளையாட்டாகப் போட்டுக்கொள்வது இல்லை. கடிதத்தின் ஓரத்தில், இரவு ஷிஃப்டில் நிற்கும்போது குதிகாலுக்கு மேலே பின்பக்கம் வலிக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைச் சாதாரணமாக விடாதீர்கள். ஆஃப்லாக்சசின், லீவோஃப்லாக்சசின் வகை மருந்துகளுக்குக் குதிகால் தசைநாணைப் பாதிக்கும் குணம் உண்டு. மருந்து நின்ற சில மாதம் கழித்துக்கூட அது அறுந்துபோகலாம். வலி தீரும்வரை ஓட்டமும் பளு தூக்குவதும் வேண்டாம். ஓர் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள்.

மருந்து முடிந்து மூன்று மாதம் ஆனபின் விந்தைப் பரிசோதியுங்கள். முடிவு குறைவாக வந்தால் சில வாரம் விட்டு இன்னொரு முறை. ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னும் இரண்டிலிருந்து ஏழு நாள் விந்து வெளியேறாத இடைவெளி வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, கையையும் குறியையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பரிசோதனைக் கூடம் தரும் கிருமி நீக்கிய டப்பாவில் எடுக்க வேண்டும். ஆணுறையிலோ வீட்டு டப்பாவிலோ கூடாது. எண்ணெயோ எச்சிலோ படக் கூடாது. கூடத்திலேயே எடுப்பது நல்லது. வீட்டில் என்றால் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். பெராக்சிடேஸ் சாயம் போட முடியுமா என்று முன்பே கேளுங்கள். அறிகுறி இல்லாதவரை கல்ச்சர் தேவையில்லை.

சிறுநீரியல் நிபுணரான ஒரு யூராலஜிஸ்ட் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை உங்களுக்கு நடந்ததாகவே கடிதத்தில் இல்லை. அதுதான் முதலில் நடந்திருக்க வேண்டும். குழந்தையில்லை என்று வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் விரைப்பையில் நாளப்புடைப்பு இருக்கிறது, வெரிகோசீல் என்பார்கள். அதுவும் அசைவைக் குறைக்கும், எந்த ஆன்டிபயாடிக்கும் அதற்கு உதவாது. விந்து நாளம் மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டாலோ, சிறுநீரில் சீழ் இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளராவிட்டாலோ காசநோயை நினைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் சொல்லுங்கள். நம் நாட்டில் இதை மறக்கக் கூடாது. சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். 33 வயது ஆணுக்குக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்தால் சர்க்கரை இருக்கிறதா, கல் இருக்கிறதா, சிறுநீர் முழுதும் வெளியேறுகிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

சிகரெட்டை விடுங்கள். ஒரு நாளைக்கு எட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். புகைபிடிப்பவர் விந்தில் வெள்ளையணு கூடும், அசைவு குறையும். விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சி வேண்டித்தான்; பாய்லர் அருகே இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். மூன்று மாதத்துக்காவது வேறு பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பாருங்கள். நண்பர் வாங்கித் தந்த லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத வரைக்கும் அதைத் தொடாதீர்கள்.

இக்ஸிக்கு இப்போது அவசரம் இல்லை. மனைவிக்கு வயது 28. முன்னோக்கி நீந்தும் அணுக்களை மட்டும் கணக்கிட்டாலும் உங்களுக்கு 1 கோடியே 29 லட்சம் இருக்கிறது. கருக்குழாய் திறந்திருந்து, அடுத்த ஆறு மாதம் இயல்பாக முயன்றும் தங்கவில்லை என்றால், விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. முறையைச் சில மாதம் பார்க்கலாம். அதற்கும் பிறகுதான் சோதனைக்குழாய் முறை. கருக்குழாய் இரண்டும் அடைபட்டிருந்தால் வரிசை மாறும். அப்போது நேரத்தை வீணாக்கக் கூடாது. அந்தச் சிகிச்சைகளில் விந்தைப் பிரித்துக் கழுவித்தான் பயன்படுத்துவார்கள் என்பதால், அதற்காகவும் கிருமியைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். விந்தில் வெள்ளையணு கூடுதலாக இருப்பவருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் அறிக்கை சற்றுத் தெளிவடைவதுண்டு. அதனால் கருத்தரிப்பு அதிகரிக்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை.

ஒரு சூழலில் மட்டும் காத்திருக்காதீர்கள். விரை திடீரென வீங்கி வலித்தால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மணி நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்றக் கிடைப்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். விந்தில் ரத்தம் தெரிந்தாலோ, மறுபடி குளிரும் எரிச்சலும் வந்தாலோ மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீர்க் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள்.

யூராலஜிஸ்டிடம் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். நான்கு அறிக்கைகளையும் தேதி வரிசையில் அடுக்கி, காய்ச்சல் வந்த தேதியையும் ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய, முடிந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டுகளோடு எடுத்துப் போங்கள்.